உதவி அறிவிப்பை வாசிப்பது எப்படி? துவாலுவை முன்வைத்து

பசிபிக் தீவுகளுக்குச் செல்லும் வெளிநாட்டு உதவியைப் பற்றி ஒப்படைப்பு எழுதும் தொடக்கக் கல்லூரி மாணவர்கள் பலர், நன்கொடை நாடு அறிவித்த தொகையை அப்படியே எடுத்தெழுதி, அவ்வளவு பணமும் தீவைச் சென்றடைந்துவிட்டதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். சிங்கப்பூரின் விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் வார இறுதிகளில் அவர்களுடன் அமரும் எனக்கு, இதைத் திருத்துவதே பெரிய வேலையாக இருக்கிறது.

முதலில் நாட்டின் அளவை மனத்தில் பதியவையுங்கள். பசிபிக் தீவு நாடான துவாலு ஒன்பது தீவுகளைக் கொண்டது. மொத்த நிலப்பரப்பு ஏறத்தாழ 26 சதுர கிலோமீட்டர். நம் பிள்ளைகள் தேசிய சேவைப் பயிற்சிக்குச் செல்லும் தெக்கோங் தீவைப் போன்ற சிறிய பரப்புதான். அங்கு வாழ்வோர் சுமார் 11,000 பேர் என்பதால், ஒரு மில்லியன் டாலர் உதவி என்றால் ஆளுக்கு ஏறத்தாழ 90 டாலர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

அடுத்து, குறிப்பேட்டில் நான்கு கட்டங்கள் வரைந்து, எந்த நாணயம், எத்தனை ஆண்டுகளுக்கு, எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு செலவானது என்று தனித்தனியே எழுதுங்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி ஆஸ்திரேலிய டாலரையும் அமெரிக்க டாலரையும் நம் வெள்ளியையும் ஒன்றாகக் கூட்டி, அதன்மேல் ஒரு முழுக் கட்டுரையையே எழுதி வந்திருந்தார். வருத்தமாக இருந்தாலும் முதலிலிருந்து தொடங்கச் சொன்னேன். ஆஸ்திரேலியாவின் ஆய்வு நிறுவனமான லோவி கழகம் பராமரிக்கும் பசிபிக் உதவி வரைபடம் ஒதுக்கீட்டையும் செலவையும் பிரித்தே காட்டுவதால், கடைசி இரு கட்டங்களுக்கு அதையே நாடலாம்.

பிறகு, பணம் எந்த வடிவில் வருகிறது, யார் கைவழியாகச் செல்கிறது என்று பாருங்கள். தலைநகர் ஃபுனாஃபுட்டி உள்ளிட்ட மூன்று தீவுகளின் கரையைக் காக்கும் திட்டத்துக்கு, வளரும் நாடுகளின் பருவநிலைத் திட்டங்களுக்கு உதவும் பசுமைப் பருவநிலை நிதியம் வழங்கிய 36 மில்லியன் அமெரிக்க டாலர், கடனன்று, மானியம். அதுவும் ஐக்கிய நாட்டு வளர்ச்சித் திட்டத்தின் வழியாகச் செலவிடப்பட்டது. 2023க்குள் ஃபுனாஃபுட்டியில் ஏறத்தாழ ஏழு ஹெக்டர் நிலம் மீட்கப்பட்டது. கடலைத் தூர்த்தே வளர்ந்த ஊரில் வாழும் நமக்கு, மணல் அள்ளும் கப்பலுக்கும் பொறியாளர்களுக்கும் எவ்வளவு செலவாகும் என்பது தெரியும். துவாலு போன்ற சிறிய தீவு நாட்டுக்கு அவை வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும். ஆகவே, உள்ளூர்க் கூலியாகவும் பயிற்சியாகவும் தங்கிய பங்கு எவ்வளவு என்று கேட்பதைக் குறைகூறலாக எண்ணாதீர்கள்.

பராமரிப்பையும் விட்டுவிடக் கூடாது. ஆறுகளற்ற துவாலுவில் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டிகளில் பிடித்தே குடிக்கிறார்கள். 2011இல் மழை பொய்த்து நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது, கடல்நீரைக் குடிநீராக்கும் இயந்திரங்கள் விமானத்தில் கொண்டுசெல்லப்பட்டன. அத்தகைய இயந்திரத்தைக் கொடுத்தார்கள் என்று எழுதுவதோடு நிற்காமல், அதன் வடிகட்டி பழுதானால் மாற்றுவதற்கான பணம் எந்தக் கணக்கிலிருந்து வரும் என்பதையும் தேடுங்கள்.

இந்தக் கேள்விக்கு நான் அறிந்த மிகச் சிறந்த விடை துவாலு அறக்கட்டளை நிதி. 1987இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவற்றின் பெரும்பங்குடன், துவாலுவும் தன் பங்கைப் போட்டு, ஏறத்தாழ 27 மில்லியன் ஆஸ்திரேலிய டாலரில் அது தொடங்கப்பட்டது. முதல் கணக்கிலுள்ள மூலதனத்தின் மதிப்பு விலைவாசிக்கு ஏற்பக் காக்கப்படுகிறது. அதற்குமேல் ஈட்டப்படுவது மட்டுமே இரண்டாம் கணக்குக்கு மாற்றப்பட்டு, அரசாங்கம் எடுத்துச் செலவிட அனுமதிக்கப்படுகிறது. முதலைத் தொடாமல் வட்டியில் குடும்பம் நடத்துவது போன்ற இந்த ஏற்பாட்டுக்கு உங்கள் கட்டுரையில் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.

பணமாக வராத உதவிக்கும் ஒரு வரி வேண்டும். 1992இல் தொடங்கிய சிங்கப்பூர் ஒத்துழைப்புத் திட்டம் வளரும் நாட்டு அதிகாரிகளுக்குப் பெரும்பாலும் பயிற்சியையே அளிக்கிறது; தொகையை மட்டும் தேடினால் அது கண்ணில் படாது.

எழுதி முடித்ததும், துவாலு அரசாங்கத்தின் வரவுசெலவு அறிக்கையைத் திறந்து, நீங்கள் குறிப்பிட்ட ஒவ்வோர் உதவியும் அதில் இடம்பெற்றிருக்கிறதா என்று வரிவரியாக ஒப்பிட்டுவிட்டு, இல்லாதவற்றுக்கு எதிரே அரசாங்கக் கணக்குக்கு வெளியே செலவிடப்பட்டதா என்ற கேள்வியைக் குறித்துவையுங்கள்.