ஃபைனல் ஃபேன்டஸி 12: கேம்பிட் வரிசையை அமைப்பது எப்படி?

ஃபைனல் ஃபேன்டஸி 12 வீடியோ கேமில் கேம்பிட் (‘இப்படி நேர்ந்தால் இதைச் செய்’ என்று பாத்திரங்களுக்கு முன்கூட்டியே அமைத்துவைக்கும் வரிகள்) கிடைத்ததும் ‘எல்லாம் தானாகவே நடந்தால் நான் எதற்கு?’ என்று பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். நானும் முதலில் மூன்று பேரையும் கையாலேயே ஓட்டினேன். சண்டையில் பாதி நேரம் மெனுவிலேயே கரைந்தது. கேம்பிட் நம் கட்டுப்பாட்டைப் பறிப்பதில்லை. நாம் முன்கூட்டியே எடுத்த முடிவுகளை அது நிறைவேற்றுகிறது, அவ்வளவுதான். 2006 பதிப்பு, 2017-இல் வந்த மறுபதிப்பான ஸோடியாக் ஏஜ் இரண்டுக்கும் இந்த முறை பொருந்தும்.

படி 1: வெயிட் மோட்

கான்ஃபிக்கில் (அமைப்பு மெனுவில்) வெயிட் மோடுக்கு மாற்றிவிடுங்கள். மந்திரமோ பொருளோ தேடும்போது சண்டை நிற்கும். ஸோடியாக் ஏஜில் உள்ள வேக மோடை இப்போதைக்குத் தொடாதீர்கள். அந்த வேகத்தில் யார் எந்த வரியில் தவறினார்கள் என்று கண்ணுக்கே தெரியாது.

படி 2: ஒரே குறி

தலைவருக்கு (நீங்கள் ஓட்டும் பாத்திரத்துக்கு) குறியை நீங்களே கொடுங்கள். மற்ற இருவருக்கும் ‘எதிரி: தலைவர் குறிவைத்தவர் → தாக்கு’. ஆளுக்கொரு எதிரியை அடித்தால் மூன்றும் உயிரோடு நின்று திருப்பி அடிக்கும். ஒன்றை முதலில் சாய்த்தால் அந்த அடி அத்தோடு நிற்கும்.

படி 3: வரிசை

நான் இடறியது இங்கேதான், அதனால் நிதானமாகப் படியுங்கள்.

என் ஹீலருக்கு (குணப்படுத்தும் பாத்திரத்துக்கு) முதல் வரி தாக்கு, இரண்டாம் வரி கியூர் என்ற குணப்படுத்தும் மந்திரம். பக்கத்தில் நிற்பவர் சாகும்வரை அவள் எதிரியை அடித்துக்கொண்டே இருந்தாள். லெவல் போதவில்லை என்று நினைத்து ஒரு மணி நேரம் லெவல் ஏற்றினேன். பிறகும் அதே கதை.

காரணம் இதுதான். ஒருவரின் முறை வந்ததும் கேம் மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் பொருந்தும் வரியைச் செய்துவிட்டு நின்றுவிடும், கீழே உள்ளவற்றைப் பார்க்காது. சண்டையில் எதிரி எப்போதும் எதிரே இருப்பதால் தாக்கு எப்போதும் பொருந்தும். கியூருக்கு முறையே வராது.

சரியான வரிசை (ஃபீனிக்ஸ் டவுன் விழுந்தவரை எழுப்பும் பொருள், ஹெச்பி என்பது உயிரளவு):

கூட்டாளி: யாராவது → ஃபீனிக்ஸ் டவுன்
கூட்டாளி: ஹெச்பி 50%-க்குக் கீழ் → கியூர்
எதிரி: தலைவர் குறிவைத்தவர் → தாக்கு

முதல் வரியில் ‘யாராவது’ என்றிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். யாராவது விழுந்தால்தான் அது நடக்கும். பலனில்லாத வரியை கேம் தாண்டிப் போய்விடும். எப்போதாவது நேர்வது மேலே, எப்போதும் பொருந்துவது கடைசியில். 12 வரி வரை கிடைத்தாலும் இதே கணக்குதான்.

படி 4: எத்தனை சதவீதம்?

மூவருக்கும் ஒரே 50% வைத்தால் ஒருவர் அடிபட்டதும் மூவரும் கியூர் போட ஓடுவார்கள், எம்பி (மந்திர சக்தி) வீணாகும், தாக்க ஆளிருக்காது. ஹீலருக்கு 70%, இன்னொருவருக்கு 30% என்று பிரியுங்கள். தலைவருக்குக் குணப்படுத்தும் வரி வைப்பதை நான் விரும்புவதில்லை.

அன்டெட் (செத்தும் நடமாடும்) எதிரிகளுக்கு கியூர்தான் ஆயுதம், அது அவர்களைத் தாக்கும். ‘எதிரி: அன்டெட் → கியூர்’ என்று ஒரு வரி சேர்த்து, அப்படிப்பட்ட இடங்களில் மட்டும் ஆன் செய்யுங்கள்.

படி 5: குறுக்கிடுதல்

நீங்கள் மெனுவில் கொடுக்கும் ஆணை கேம்பிட்டை முந்தும். பாஸ் எதிரி பெரிய அடிக்குத் தயாராவது தெரிந்தால் 70% வரை காத்திருக்காமல் நீங்களே கியூர் கொடுங்கள். மற்றதைக் கேம்பிட் பார்த்துக்கொள்வதால்தான் இதைக் கவனிக்க உங்களுக்கு நேரம் கிடைக்கிறது.

பின்சேர்க்கை: வரிசை சரியாக இருந்தும் ஹீலர் திடீரென்று தாக்கப் போகிறார் என்று சிலர் எழுதியிருந்தார்கள். இரண்டைப் பாருங்கள். எம்பி தீர்ந்திருக்கும், அல்லது சைலன்ஸ் பட்டிருக்கும். இரண்டிலும் மந்திரம் போட முடியாது, எனவே கேம் கியூர் வரியைத் தாண்டி அடுத்ததற்குப் போகிறது. கியூருக்கு மேலே ‘கூட்டாளி: யாராவது → எக்கோ ஹெர்ப்ஸ்’ (சைலன்ஸை நீக்கும் பொருள்), கீழே ‘கூட்டாளி: ஹெச்பி 30%-க்குக் கீழ் → போஷன்’ (ஹெச்பி ஏற்றும் பொருள்) சேருங்கள். பையில் இரண்டும் இருக்கிறதா என்று சண்டைக்கு முன் பார்த்துவிடுங்கள். பொருள் தீர்ந்தாலும் அந்த வரியைக் கேம் தாண்டிவிடும்.