பள்ளி நூலகத்தில் நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்

பள்ளி நூலகப் பொறுப்பு பெரும்பாலும் புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியரின் தலையில்தான் விழுகிறது. அவர்களும் ஆர்வத்தோடு ஏற்கிறார்கள். ஆனால், தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் அவர்களும் செய்வதைப் பார்க்கும்போது சும்மா இருக்க முடியவில்லை. பீரோவைப் பூட்டி வைப்பது, நூலகப் பாடவேளையில் கணக்கு நடத்துவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவை தவறு என்று செய்கிறவர்களுக்கே தெரியும். நன்மை என்று நம்பிச் செய்கிறவற்றைத்தான் யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாசிப்பு நிலையைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டுவது

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கம் 2023-இல் சிறு நூல்களைக் கொண்டுவந்தபோது, அவற்றை நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளாகப் பிரித்தது. நல்ல ஏற்பாடு. எந்தப் பிள்ளையிடம் எந்த நூலை நீட்டலாம் என்று ஆசிரியர் சட்டென்று முடிவுசெய்ய உதவுகிறது. ஆனால் சில வகுப்பறைகளில் நூலுக்கு வைத்த பெயரைப் பிள்ளைக்கே வைத்துவிடுகிறார்கள். "நுழை பிள்ளைகள் எல்லாம் இந்தப் பக்கம் வாருங்கள்" என்று அழைப்பதைக் கேட்டால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் இருந்தான். மீசை அரும்பிவிட்ட வயது. கிணற்று மோட்டாரைத் தனியாளாகக் கழற்றி மாட்டுவான்; ஆனால் எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்துக்கு இரண்டு வரி உள்ள பூனைக்குட்டிக் கதை ஒன்றைப் புதிய ஆசிரியர் அவன் கையில் கொடுத்தார். பின்வரிசையில் சிரிப்பு. அவன் அந்தப் புத்தகத்தைத் தொடைக்கு அடியில் தள்ளி அதன்மேல் உட்கார்ந்துகொண்டான். அடுத்த நூலகப் பாடவேளையில் வயிற்றுவலி என்றான். அதற்கடுத்த முறை பள்ளிக்கே வரவில்லை. அவனுக்குப் படிப்பில் ஆர்வமில்லை என்று ஆசிரியர் முடிவுகட்டிவிட்டார்.

மற்ற தவறுகளை அடுத்த ஆண்டு திருத்திக்கொள்ளலாம். எட்டாம் வகுப்பில் ஒதுங்கிக்கொள்ளும் பிள்ளைக்கு அடுத்த ஆண்டு அந்தப் பள்ளியில் கிடையாது. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய்விடுவான். அங்கே எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள்.

அவனைத் தனியே அழைத்து, மோட்டாரை எப்படி மாட்டுவது என்று கேட்டோம். அவன் சொல்லச் சொல்ல, அவன் சொற்களிலேயே ஏழெட்டு வாக்கியங்களைத் தாளில் எழுதிக் கொடுத்தோம். தான் சொன்னதுதான் என்பதால் துணிந்து படித்தான். எங்கே திணறுகிறான் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. "மோட்டார்" என்ற சொல்லின் முதலெழுத்தை "மே" என்று படித்துவிட்டு, பின்னால் நிற்கும் துணைக்காலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றான். "கொக்கி"யிலும் அப்படியே. கொம்பு முன்னால், கால் பின்னால், இரண்டையும் சேர்த்து ஒரே ஒலியாகச் சொல்ல வேண்டும் என்பது இத்தனை ஆண்டுகளில் அவனுக்குப் பிடிபடவே இல்லை. 247 எழுத்துகளையும் மறுபடி முதலிலிருந்து நடத்தத் தேவையிருக்கவில்லை. ஒகர, ஓகார வரிசைகளைப் பிடித்துக்கொண்டதும் பாதித் தடை விலகியது.

பிறகு, வெள்ளிக்கிழமை மாலையில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டும் வேலையை அவனுக்கும் வேறு சிலருக்கும் கொடுத்தோம். அதே பூனைக்குட்டிக் கதையை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பழகிக்கொண்டு வந்தான். தம்பி தங்கைகளுக்குப் படித்துக் காட்டும் அண்ணன் கையில் சின்னப் புத்தகம் இருந்தால் யார் சிரிக்கப் போகிறார்கள்?

நிலைகளை உங்கள் குறிப்பேட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். நூல்களைக் கலந்து பரப்புங்கள். வளர்ந்த பிள்ளைகளுக்கு நாளிதழின் விளையாட்டுப் பக்கம், வண்டி, பூச்சி, சமையல் பற்றிய மெல்லிய நூல்கள் என்று வாக்கியம் எளிதாகவும் விஷயம் அவர்கள் வயதுக்கு உரியதாகவும் இருப்பவற்றைத் தேடி வாங்குங்கள்.

ஒவ்வொரு நூலுக்கும் கதைச்சுருக்கம் கேட்பது

இப்படிக் கேட்டால் பிள்ளைகள் ஆக மெல்லிய புத்தகத்தைத்தான் எடுப்பார்கள். பின்னட்டையைப் பார்த்து எழுதித் தருவார்கள். படித்தார்களா என்று தெரிந்துகொள்ள, "இதை யாருக்குக் கொடுக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். படித்த பிள்ளை உடனே ஒரு பெயரைச் சொல்லும், காரணத்தோடு.

முதுகு மட்டும் தெரியும்படி அடுக்குவது

சிறு பிள்ளைகள் அட்டைப்படத்தைப் பார்த்துத்தான் நூலை எடுக்கிறார்கள். சில நூறு நூல்களுக்கு, பொருள்வாரியாகப் பிரிக்கும் தசம வகைப்பாட்டு எண் ஒட்டி, நெருக்கி அடுக்கினால் அது பதிவேட்டுக்கு அழகு, அவ்வளவுதான். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்தச் சொல்கிறது. சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, நூல்களை விரித்துத் தொங்கவிட்டால் ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்த நேரம் மிச்சமாகும்.

நன்கொடை நூல்களைப் பிரித்துப் பார்க்காமல் ஏற்பது

வீட்டைக் காலி செய்பவர்கள் தரும் மூட்டைகளில் பழைய போட்டித்தேர்வுக் கையேடுகளும் காலாவதியான நாட்குறிப்புகளும் இருக்கும். எளிதில் கண்ணில் படாத சிக்கல் இன்னொன்று உண்டு. தமிழ்நாடு அரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் லை, னை, ணா, றா போன்றவை பெரும்பாலும் பழைய வடிவத்தில் இருக்கின்றன. சரளமாகப் படிப்பவர்கள் கடந்துபோய்விடுவார்கள். இப்போதுதான் கொம்போடும் காலோடும் போராடும் பிள்ளை, தவறு தன்னுடையது என்று நினைத்து மூடி வைத்துவிடும். அவற்றை ஆசிரியர் அலமாரிக்கு மாற்றுங்கள்.

தண்டனையாக நூலகத்துக்கு அனுப்புவது

கூடாது. ஒருமுறைகூட.

கிழிந்த நூலுக்கு அபராதம்

வாங்காதீர்கள். பசையும் மெல்லிய தாளும் கொடுத்து, கிழித்த பிள்ளையையே பக்கத்தில் உட்காரவைத்து ஒட்டுங்கள். ஒட்ட முடியாத நிலைக்கு வந்த நூலை இருப்புப் பதிவேட்டில் குறித்து, உரிய முறையில் கழிக்கத் தலைமையாசிரியரிடம் எழுத்தில் கேளுங்கள். அதை ஆண்டு முடிவு வரை தள்ளிப்போடாமல் பருவத்துக்கு ஒருமுறை செய்துவிட்டால், இருப்புச் சரிபார்ப்புக்குப் பயந்து நூல்களைக் கொடுக்காமல் இருக்க வேண்டியதில்லை.