தாரை நின்றபோது

ஞாயிற்றுக்கிழமை காலை நாலு படகு சேர்ந்து கிளம்பினோம். சிங்கப்பூரின் தெற்குத் தீவுகளை ஒரு சுற்று சுற்றிவிட்டு, லாசரஸ் தீவுக்கரையில் நங்கூரம் போட்டு நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) சாப்பிடுவதாகத் திட்டம். என்னுடையது 17 அடிப் படகு, பின்பக்கம் வெளியே மாட்டிய 60 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின்.

குசு தீவைத் தாண்டியதும் 'பீ...' என்று அலாரம். வேகம் தானாகக் குறைந்தது. திரும்பிப் பார்த்தால், எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு எப்போதும் பென்சில் கனத்துக்கு வெளியே பீய்ச்சியடிக்கும் தண்ணீரைக் காணோம். உடனே அணைத்தேன். நீரோட்டம் வேறு இழுக்கிறது. வாக்கி டாக்கியில் கூப்பிட்டதும் முன்னால் போன அண்ணன் திரும்பிவந்து கயிறு போட்டுப் பிடித்துக்கொண்டார்.

எஞ்சினைத் தூக்கினேன். தண்ணீர் உறிஞ்சும் சல்லடையில் சிவப்பு பிளாஸ்டிக் பை, நம்ம மார்க்கெட் பையேதான். பிய்த்தெடுத்து (படகுக்குள்தான் போட்டேன்), அரைமணி நேரம் ஆறவிட்டு ஸ்டார்ட் செய்தேன். நூல்போலக் கசிந்ததே தவிர, தாரை இல்லை. மறுபடி அணைத்துவிட்டு, தூண்டில் பெட்டியிலிருந்து தடித்த தங்கூசி நரம்பை (தூண்டில் நைலான்) ஒரு சாண் வெட்டி, தண்ணீர் பீய்ச்சும் துளைக்குள் விட்டுக் குடைந்தேன். கம்பி வேண்டாம், உள்ளே கீறிவிடும். உப்பும் மணலுமாக உதிர்ந்தது. அடுத்த ஸ்டார்ட்டில் சர்ரென்று அடித்தது. கை நீட்டிப் பார்த்தேன், வெதுவெதுப்பு.

மெதுவாகவே லாசரஸ் சேர்ந்தோம். சோறு ஆறியிருந்தது, சம்பல் பாதி காலி.

மறுநாள் எஞ்சினின் தண்ணீர் பம்பைப் பிரித்தால், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர் இம்பெல்லரில் இரண்டு இதழ் கிழிந்திருந்தது. 3 வருஷமாக மாற்றாதது நான்தான். புதுசு போட்டாச்சு, இன்னொன்று இப்போது படகிலேயே கிடக்கிறது.