தாடை மூட்டு அசைவை எம்ஆர்ஐயில் அளப்பது எப்படி?

ரொட்டி சானாயை மெல்லும்போது காதோரம் ‘டக்’கென்று ஒரு சத்தம் வருகிறதே, உள்ளே என்னதான் நகர்கிறது? கோலாலம்பூரில் பல் மருத்துவமும் ரேடியோகிராபியும் படிக்கும் தம்பி தங்கைகளுக்காக இந்தச் செய்முறை. 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருளும், ஒரே ஆளுக்கு வாயை மூடியும் திறந்தும் எடுத்த இரண்டு எம்ஆர்ஐ தொகுப்புகளும் போதும். சிடி ஸ்கேனிலும், பல் மருத்துவத்தில் எடுக்கும் கூம்புக்கதிர் சிடியான சிபிசிடியிலும் எலும்பு நன்றாகத் தெரியும், மூட்டின் எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல இருக்கும் டிஸ்க் தெரியாது, கதிர்வீச்சு வேறு.

படி 1. நோயாளியின் சம்மதம் வேண்டும். பெயர், அடையாள அட்டை எண் எல்லாம் நீக்கிய டைகாம் (மருத்துவப் பட) கோப்புகளை மட்டும் வாங்குங்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனிக் கவனத்துக்குரியதாக வைத்திருக்கிறது.

படி 2. இரண்டையும் ஏற்றுங்கள். மூட்டு ஸ்கேன் பெரும்பாலும் சாய்வாக எடுக்கப்படுவதால் படம் கோணலாகத் தெரியும். வெட்டுத்தளத்தை ஸ்கேனின் சாய்வுக்கே திருப்பும் பொத்தான் இருக்கிறது, அதை அழுத்துங்கள்.

படி 3. வாய் மூடிய படத்தில் காண்டைலை, அதாவது தாடை எலும்பின் உருண்ட மேல்முனையை, தேடுங்கள். சிடி பார்த்துப் பழகிய கண் இங்கே தடுமாறும்: எம்ஆர்ஐயில் எலும்பின் வெளி ஓடு கறுப்பு, உள்ளே மஜ்ஜை வெளுப்பு. அதன் மேல் உடுக்கையைக் கிடத்தியதுபோல, நடுவில் ஒடுங்கிக் கறுப்பாக இருப்பதுதான் டிஸ்க். அதன் தடித்த பின்முனை காண்டைலுக்கு ஏறக்குறைய 12 மணி நிலையில் இருந்தால் இயல்பு.

படி 4. இதுதான் உயிர்நாடி, அவசரப்படாதீர்கள். வாயைத் திறக்கும்போது தலையும் கொஞ்சம் அசைந்திருக்கும். அதைச் சரிசெய்யாமல் அளந்தால், தாடையோடு தலையின் அசைவையும் சேர்த்து அளப்பீர்கள். மூடிய படத்தின் மேல் திறந்த படத்தைப் பாதி ஒளிபுகும்படி வையுங்கள். ‘டிரான்ஸ்ஃபார்ம்ஸ்’ பகுதியில் திறந்த படத்தை மட்டும் நகர்த்தி, திருப்பி, மண்டையோட்டுப் பக்கத்துக் குழியையும் அதன் முன்னுள்ள எலும்பு மேட்டையும் பொருத்துங்கள். இரட்டையாகத் தெரிந்த மேட்டின் விளிம்பு ஒற்றைக் கோடாக வேண்டும். தாடை எலும்பைப் பார்த்துப் பொருத்திவிடக் கூடாது, அளக்க வேண்டிய அசைவே காணாமல் போய்விடும்.

படி 5. சரி, இப்போது புள்ளியும் கோடும் போடும் ‘மார்க்அப்ஸ்’ பகுதி. காண்டைலின் உச்சியில் புள்ளி வைக்கத்தான் கை போகும், வேண்டாம். தாடை சுழலும்போது உச்சியாகத் தெரியும் இடமே மாறிவிடும். காண்டைல் தலைக்குள் பொருந்தும் ஒரு வட்டத்தைக் கற்பனை செய்து, அதன் மையத்தில் இரண்டு படங்களிலும் புள்ளி வையுங்கள். இடையே கோடு போட்டால் தூரம் மில்லிமீட்டரில் வரும். அப்புறம் மறுபக்க மூட்டுக்கும் இதையே செய்து ஒப்பிடுங்கள்.

படி 6. இனி டிஸ்க். வாய் திறக்கும்போது காண்டைல் முதலில் சுழன்று, பிறகு முன்னால் வழுக்கி மேட்டின் அடிக்கு வரும்; டிஸ்க் இரண்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். மூடியபோது முன்னால் நழுவியிருந்த டிஸ்க், திறந்ததும் தன் இடத்துக்கு வந்துவிட்டால் அந்த ‘டக்’குக்குப் பெரும்பாலும் அதுதான் காரணம். திறந்த பிறகும் முன்னாலேயே நின்றால் அது வேறு நிலை. நோயைத் தீர்மானிப்பது ரேடியாலஜிஸ்ட் வேலை.

ஒரு வெட்டின் தடிமன் 3 மில்லிமீட்டர் என்றால், இரு பக்கத்துக்கும் இடையே அரை மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது என்று துள்ள வேண்டாம். சத்தம் எந்தக் கணத்தில் வருகிறது என்பதும் இந்த இரண்டு படங்களில் தெரியாது. அதற்கு வாய் திறக்கத் திறக்கத் தொடர்ந்து எடுக்கும் சினி எம்ஆர்ஐ வேண்டும்.