கொள்கைக்காக முதலீட்டை மாற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

நெய்வேலியிலிருந்து வடலூர் அரை மணி நேரப் பயணம்கூட இல்லை. வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாரின் சபைக்குத் தைப்பூசம் தவறாமல் போய் வருகிற ஒருவர், சேமிப்பைப் பொதுத்துறை நிறுவனங்களின் பங்குகளை ஒரே கூடையாக வாங்க உதவும் சிபிஎஸ்இ (CPSE) இடிஎஃப்பில் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடிஎஃப்பில் கோல் இந்தியா உண்டு, ஓஎன்ஜிசி உண்டு, என்எல்சியும் இடம்பெற்றிருக்கிறது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்எல்சியின் பரவனாற்றுக் கால்வாய்க்காகப் பொக்லைன்கள் நெற்பயிருக்குள் இறங்கின. நிலம் முன்பே கையகப்படுத்தப்பட்டதுதான். ஆனாலும் கதிர் விடும் நேரத்துப் பயிர் அது. டிவியில் அதைப் பார்த்துக் கலங்கியவரின் டீமேட் கணக்கிலேயே அந்த நிறுவனத்தின் ஒரு துளி இருந்திருக்கலாம்.

இது தெரியவரும்போது மனசு உறுத்தும். உறுத்த வேண்டும். அந்த உறுத்தலோடு உறுத்தலாக, அதே வாரத்தில் செய்கிற காரியங்கள்தான் கெடுத்துவிடுகின்றன. சிகரெட் பங்கை வாங்காதீர்கள், பிளாஸ்டிக் பையைத் தவிருங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. இங்கே பேசப்போவது, நல்லெண்ணத்தோடு தொடங்கியவர்கள் திரும்பத் திரும்ப விழுகிற குழிகளைப் பற்றி.

எது கூடாது என்று எழுதாமல் தொடங்குவது

"நல்ல கம்பெனியில் மட்டும் போட வேண்டும்" என்பது கொள்கை ஆகாது. ஜீவகாருண்யம் பேசுகிறவருக்குத் தோலும் இறைச்சியும் பட்டும் கூடாது. பூமி சூடாவதை எண்ணிக் கவலைப்படுகிறவருக்கு நிலக்கரியும் எண்ணெயும் கூடாது. வட்டி ஹராம் என்று நம்புகிறவருக்கு வங்கியே கூடாது. இந்த மூன்று பட்டியலும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஷரியா முறைப்படி பங்குகளைத் தேர்ந்தெடுக்கும் மியூச்சுவல் ஃபண்டில் வட்டித் தொழில் செய்யும் வங்கி இருக்காது, மது இருக்காது. சிமென்ட்டுக்கும் எண்ணெய்க்கும் அங்கே தடை இல்லை. சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் மூன்றையும் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் ஈஎஸ்ஜி ஃபண்டில் வங்கிகள் தாராளமாக இருக்கும். அந்த வங்கிகள் அனல்மின் நிலையத்துக்கும் கடன் கொடுக்கும்.

ஒரு தாளில் மூன்று தலைப்பு போடுங்கள்: அறவே கூடாது, குறைத்துக்கொள்ளலாம், இதை நான் பார்க்கப்போவதில்லை. மூன்றாவதை எழுதத்தான் பலருக்கும் கை வராது. அது காலியாக இருந்தால் நீங்கள் எதையும் வாங்க முடியாது. ஒரு நிறுவனத்தின் வருமானத்தில் எத்தனை சதவீதம்வரை பொறுத்துக்கொள்வீர்கள் என்றும் ஓர் எண் வேண்டும். பல ஷரியா தேர்வு முறைகளில் அந்த எல்லை 5 சதவீதம். நட்சத்திர ஹோட்டல் நடத்தும் நிறுவனம் மதுவும் விற்கும், நாளிதழ் நடத்தும் நிறுவனம் மோசமான விளம்பரத்தையும் போடும். எண் இல்லாமல் இவற்றை முடிவு செய்யவே முடியாது.

பெயரைப் பார்த்து வாங்குவது

டாடா எத்திகல் ஃபண்ட் என்ற பெயரில் உள்ள 'எத்திகல்' ஷரியா நெறியைக் குறிக்கிறது. சுற்றுச்சூழல் ஃபண்ட் என்று நினைத்து அதை வாங்குகிறவர்கள் உண்டு. தவறு ஃபண்டின் மேல் இல்லை. திட்ட ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறது.

ஈஎஸ்ஜி ஃபண்டுகளுக்கு 2023 ஜூலையில் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி ஆறு உத்திகளை வகுத்தது. விலக்குவது, ஒருங்கிணைப்பது, துறையில் சிறந்ததைப் பொறுக்குவது, தாக்கம் உண்டாக்குவது, நீடித்த நோக்கங்களுக்கு முதலிடுவது, மாறிவருகிற நிறுவனங்களுக்குத் துணைநிற்பது என்று ஆறு. எந்த உத்தியோ அதில் ஃபண்டின் சொத்தில் 80 சதவீதமாவது போக வேண்டும். உத்தியின் பெயர் ஃபண்டின் பெயரிலேயே வரும். 'எக்ஸ்க்ளூஷனரி' என்று இருந்தால்தான் சில துறைகளை வெளியே நிறுத்துகிறார்கள் என்று அர்த்தம். எவற்றை நிறுத்துகிறார்கள் என்பதையும் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 'பெஸ்ட் இன் கிளாஸ்' என்றால் புகை கக்கும் துறையிலும் குறைவாகக் கக்குகிறவருக்கு இடம் உண்டு. அது நியாயமான உத்திதான், நிலக்கரியே கூடாது என்று தாளில் எழுதியவருக்கான உத்தி அல்ல.

எஃப்எம்சிஜி ஃபண்ட் கதை இன்னும் வருத்தம் தருவது. சோப்பு, பிஸ்கட், ஆட்டா மாவு, வீட்டுச் சாமான்தானே என்று வாங்குகிறார்கள். நிஃப்டி எஃப்எம்சிஜி குறியீட்டில் பல ஆண்டுகளாக முன்வரிசையில் நிற்பது ஐடிசி. அதன் லாபத்தின் முதுகெலும்பு சிகரெட். மதுபானம் தயாரிக்கும் யுனைடெட் ஸ்பிரிட்ஸும் அதே குறியீட்டில்தான் இருக்கிறது.

ஒரே இரவில் எல்லாவற்றையும் விற்பது

மற்ற தவறுகளையெல்லாம் ஒரு தட்டிலும் இதை ஒரு தட்டிலும் வைத்தால் இந்தத் தட்டுதான் தாழும். ஒரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வருகிறார்கள், அல்லது ஆறு கறுத்து ஓடுகிற படத்தைப் பார்க்கிறார்கள். இரவு 11 மணிக்குக் கைபேசியில் ஃபண்ட் செயலியைத் திறந்து எல்லா யூனிட்டையும் விற்றுவிடுகிறார்கள். அன்று நன்றாகத் தூக்கம் வரும். கணக்கு, வரித் தாக்கல் செய்யும் ஜூலையில் வந்து நிற்கும்.

எண்களைப் பார்ப்போம். எட்டு ஆண்டுகளுக்கு முன், சந்தைக் குறியீட்டை அப்படியே பின்பற்றும் ஒரு இண்டெக்ஸ் ஃபண்டில் மொத்தமாகப் போட்ட ₹4 லட்சம் இன்று ₹9 லட்சம். லாபம் ₹5 லட்சம். பங்குசார் ஃபண்டில் ஓராண்டுக்கு மேல் வைத்திருந்த லாபத்துக்கு, நிதியாண்டுக்கு ₹1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீத வரி. 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். மீதி ₹3.75 லட்சத்துக்கு ₹46,875. அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்தால் ₹48,750.

இப்போது அந்த ஃபண்டில் உங்கள் தாளின்படி கூடாத நிறுவனங்கள் எவ்வளவு? புகையிலை 3 சதவீதம், நிலக்கரி 1 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ₹9 லட்சத்தில் ₹36,000. ₹36,000 அழுக்கைக் கழுவ ₹48,750 செலவு. இந்தக் கணக்கை ஒருவர்கூட விற்பதற்கு முன் போட்டுப் பார்ப்பதில்லை என்பதுதான் ஆற்றாமை. பத்து நிமிட வேலை இது.

"வருமானம் ₹12 லட்சத்துக்குள்தான், எனக்கு வரியே கிடையாதே" என்று நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. புதிய வரி முறையில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி சம்பளம், ஓய்வூதியம் போன்றவற்றுக்கு. பங்கு, பங்குசார் ஃபண்டு லாபத்துக்கு அது பொருந்தாது. இதைத் தெரியாமல் விற்றவர்கள் வரி கட்டுவதற்கென்று இன்னொரு முதலீட்டை உடைக்க வேண்டி வருகிறது.

எஸ்ஐபியில் போட்டவர்களுக்குச் சிக்கல் அதிகம். ஒவ்வொரு மாதத் தவணையும் தனித்தனி வாங்கல். கடைசி 12 மாதத்துத் தவணைகளின் லாபத்துக்கு 20 சதவீத வரி. பல ஃபண்டுகளில் அவற்றுக்கு, சீக்கிரம் வெளியேறுவதற்கான கட்டணமாக 1 சதவீத எக்ஸிட் லோடும் பிடிப்பார்கள். வரி சேமிப்புக்கான இஎல்எஸ்எஸ் என்றால் ஒவ்வொரு தவணைக்கும் அதன் தேதியிலிருந்து மூன்றாண்டுப் பூட்டு.

விற்ற பணம் அப்புறம் எங்கே போகிறது? பெரும்பாலும் சேமிப்புக் கணக்கில் ஆறு மாதம், எட்டு மாதம் கிடக்கும். நிலக்கரியை விட்டு வந்த பணம், நிலக்கரிக்கும் கடன் கொடுக்கிற இடத்தில் குறைந்த வட்டிக்குப் படுத்திருக்கிறது. அப்படி இல்லையென்றால் 'பசுமை' என்று பெயர் வைத்த ஒரே ஒரு திட்டத்தில் முழுவதும் போய் விழும். அது சரிந்தால், கொள்கையே ஏமாற்று என்று பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டிய வரிசை வேறு. முதலில் விற்காதீர்கள், எஸ்ஐபியின் திசையை மாற்றுங்கள். பழைய ஃபண்டின் தவணையை நிறுத்திப் புதியதில் தொடங்க ஒரு பைசா வரி இல்லை. அடுத்து, உங்கள் பான் எண்ணுக்கு மின்னஞ்சலில் வரும் ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையை எடுங்கள். ஒவ்வொரு ஃபண்ட் நிறுவனமும் மாதம் முடிந்து 10 நாளுக்குள் எந்தப் பங்கு எத்தனை சதவீதம் என்று தன் இணையதளத்தில் வெளியிட்டாக வேண்டும். அதை எக்ஸெலில் இறக்கி ஐந்து கட்டம் போடுங்கள்: ஃபண்ட், அதன் மதிப்பு, கூடாத நிறுவனம், சதவீதம், ரூபாய். கடைசிக் கட்டத்தில் எது பெரிதோ அதிலிருந்து தொடங்குங்கள். நிலக்கரி, எண்ணெய் நிறுவனங்களுக்குக் கணிசமான இடம் இருக்கும் சிபிஎஸ்இ இடிஎஃப் போன்றது முதலில் போகட்டும். 4 சதவீத இண்டெக்ஸ் ஃபண்ட் பொறுத்திருக்கலாம்.

விற்பதையும் நிதியாண்டுகளாகப் பிரியுங்கள். மேலே சொன்ன ஃபண்டில் ₹2.25 லட்சம் விற்றால் லாபம் சரியாக ₹1.25 லட்சம். வேறு பங்கு லாபம் இல்லாத ஆண்டில் அதற்கு வரி பூஜ்யம். மார்ச் மூன்றாவது வாரத்தில் ஒரு ₹2.25 லட்சம், ஏப்ரல் முதல் வாரத்தில் இன்னொரு ₹2.25 லட்சம். மூன்றே வாரத்தில் பாதி வெளியே வந்துவிடும், வரி இல்லாமல். மீதியை அடுத்தடுத்த ஏப்ரலில் எடுக்கலாம். அதற்குள் மதிப்பு மாறியிருக்கும், கணக்கைத் திரும்பப் போட வேண்டும். மார்ச் 31 வரை காத்திருக்காதீர்கள், விடுமுறை குறுக்கே வந்தால் விற்பனை ஏப்ரல் தேதிக்குப் போய்விடும். எஸ்ஐபி யூனிட்டுகளில் முதலில் வாங்கியதுதான் முதலில் விற்றதாகக் கணக்கு. பழைய யூனிட்டில் லாப விகிதம் கூடுதல் என்பதால், எல்லைக்குள் விற்கக்கூடிய தொகை இதைவிடக் குறையும்.

காப்பீட்டை நிறுத்துவது

எல்ஐசியிடம் ஐடிசியின் பங்குகள் ஏறக்குறைய 15 சதவீதம் இருக்கின்றன. அதற்காக டெர்ம் பாலிசியை நிறுத்தாதீர்கள். அது உங்கள் பிள்ளைகளின் பாதுகாப்பு.

கையில் இல்லாததற்காக வருந்துவது

பிஎஃப் பணத்தின் ஒரு பகுதி இடிஎஃப்களுக்குப் போகிறது. தேர்வு உங்களிடம் இல்லை. விடுங்கள். தேசிய ஓய்வூதியத் திட்டமான என்பிஎஸ்ஸில் தேர்வு உண்டு, அதைப் பாருங்கள்.

நம்ம சபைக்காரர் சொன்னார் என்று போடுவது

தேக்கு வளர்ப்புத் திட்டங்களில் பணம் சேர்த்த அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-ல் சரிந்தது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் சரிந்தன. இன்று அதே ஆசை இயற்கை விவசாயம், மூலிகைத் தோட்டம், கோசாலை, சந்தன மரம் என்ற பெயர்களில் வருகிறது. அழைக்கிறவர் கூடவே உட்கார்ந்து பஜனை பாடியவராக இருப்பார், அல்லது ஜெபக்கூட்டத்தில் சாட்சி சொன்னவராக இருப்பார். பலரிடம் பணம் திரட்டி, ஒருவரே நிர்வகித்து, லாபம் பிரித்துத் தருவதாகச் சொன்னால் அது கூட்டு முதலீட்டுத் திட்டம். அதற்குச் செபி பதிவு வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். மரம் வெட்டும் வரை வருமானமே வராத தொழிலில் மாதாமாதம் பணம் தருவதாகச் சொன்னால், அது புதிதாகச் சேருகிறவரின் பணம். ஏமாந்துவிட்டால் தமிழகத்தில் 1997-ம் ஆண்டின் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுக்கலாம். சபைப் பெரியவர் பேசி முடித்துவைப்பார் என்று ஓராண்டு காத்திருக்க வேண்டாம்.

தங்கத்துக்கு விதிவிலக்கு கொடுப்பது

பங்குகளைச் சல்லடை போட்டுச் சலிக்கிற வீட்டிலேயே அட்சய திருதியைக்கு நகை வாங்குவார்கள். அது மங்கலம், அதற்குக் கணக்கு கிடையாது. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக இறங்கி உழைத்த கோலார் தங்கவயல் 2001-ல் மூடப்பட்டது. சயனைடு கழிவு மண்மேடுகள் இன்னும் ஊருக்குள் நிற்கின்றன, காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது. தங்கமே வேண்டாம் என்று சொல்லவில்லை. பீரோவில் இருக்கும் பழைய நகையை மாற்றிச் செய்யுங்கள். கல், அரக்கு எடையைத் தனியாகக் கழித்து, உங்கள் கண்முன் உருக்கித் தரம் பார்க்கச் சொல்லுங்கள். புது நகையில் 916 முத்திரையும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியான ஹெச்யுஐடியும் இருக்கிறதா என்று பாருங்கள். செய்கூலி, சேதாரம் எவ்வளவு என்பதை உருக்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள், உருக்கிய பிறகு பேரம் உங்கள் கையில் இருக்காது.

இருப்பதைத் தூக்கிப்போட்டு நல்லதை வாங்குவது

பட்டுப்புடவைக்காகக் கூட்டுப்புழுக்களைக் கொதிநீரில் போடுகிறார்கள் என்று அறிந்ததும், உள்ள பட்டையெல்லாம் கொடுத்துவிட்டு 'அகிம்சைப் பட்டு' வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். போன உயிர் போனதுதான், அந்தப் புடவையைக் கிழியும்வரை உடுத்துங்கள். எரி பட்டின் கூடு ஒருபக்கம் திறந்திருக்கும், புழுவைக் கொல்லாமலே நூல் எடுக்கலாம். ஆனால் வடகிழக்கில் எரிப் புழு உணவும்கூட. எனவே 'எரி' என்ற சொல் மட்டும் போதாது, அந்துப்பூச்சி வெளியேறிய கூடா என்று விற்பவரைக் கேட்க வேண்டும்.

மஞ்சப்பையும் அப்படித்தான். டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பின் 2018 ஆய்வுப்படி, ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் பருவநிலைக் கணக்கில் அது மெல்லிய பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும். மற்ற சுற்றுச்சூழல் பாதிப்புகளையும் சேர்த்தால் எண் பல ஆயிரத்துக்குப் போகிறது. கல்யாணத் தாம்பூலத்துக்கு 500 புதுப் பை தைப்பது அந்தக் கணக்கில் வராது. பழைய வேட்டியில் தைத்த பை வரும்.

உண்டியலில் போட்டு ஈடுகட்டுவது

காணிக்கை வேறு, கணக்கு வேறு. முதலீட்டுக் கணக்கில் காணிக்கையைக் கழிக்காதீர்கள்.

விற்றதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது

சந்தையில் நீங்கள் விற்ற பங்கை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார். நிறுவனத்தின் கல்லாவில் ஒரு ரூபாயும் குறைவதில்லை. அதன் பொருளை வாங்காமல் விட்டால் குறையும். புதிதாக வெளியிடும் பங்கிலோ கடன்பத்திரத்திலோ பணம் போடாமல் விட்டால் அதற்குத் தைக்கும். விற்பது உங்கள் கையைச் சுத்தம் செய்கிறது, அதற்கு மதிப்பு உண்டு. ஆற்றைச் சுத்தம் செய்ய வேறு வேலையும் பார்க்க வேண்டும்.

பங்கை நேரடியாக வைத்திருப்பவர்களுக்கு ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஓட்டு உண்டு. பெரும்பாலான கூட்டங்கள் ஜூலையிலிருந்து செப்டம்பருக்குள் நடக்கும். மின்னஞ்சலில் வரும் அறிவிப்பைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அதில் மின்வாக்குப் பதிவுக்கான இணைப்பு இருக்கும். குறைந்தது மூன்று நாள் திறந்திருந்து, கூட்டத்துக்கு முந்தைய நாள் மாலை 5 மணிக்கு மூடிவிடும். ஃபண்டு வழியாக வைத்திருந்தால் உங்கள் சார்பில் ஃபண்ட் நிறுவனம் ஓட்டுப் போடுகிறது. எந்தத் தீர்மானத்துக்கு எப்படி, ஏன் போட்டது என்ற பட்டியல் அதன் இணையதளத்திலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு முதலீட்டாளர் சேவை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: எந்த நிறுவனம், எந்தத் தீர்மானம், உங்கள் ஃபோலியோ எண், ஏன் அப்படி வாக்களித்தீர்கள் என்ற ஒரே கேள்வி. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் அதே மின்னஞ்சலுக்குக் கீழேயே மறுபடி எழுதுங்கள்.