பிராஜெக்ட் கோப்பை மட்டும் கொண்டுபோனால் பாட்டு வராது

வீட்டில் ஒலிப்பதிவை முடித்தவர்கள் பிராஜெக்ட் கோப்பை மட்டும் பென் டிரைவில் போட்டுக்கொண்டு மிக்ஸிங்குக்கு (பதிந்த ஒலிகளைச் சமன்செய்து கலப்பதற்கு) போவதை இன்றும் காணலாம். ரீப்பர், கியூபேஸ், புரோ டூல்ஸ், ஏபிள்டன் லைவ் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள்களில் அந்தக் கோப்புக்குள் ஒலி இருப்பதில்லை. எந்த ஒலிக்கோப்பு எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, அதன் எந்தத் துண்டு எந்த இடத்தில் ஒலிக்க வேண்டும் என்ற குறிப்புகளே இருக்கின்றன. டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலிருந்து இழுத்துப் போட்ட தம்பூரா மறுகணினியில் காணாமல் போவது அதனால்தான். (2021-இல் வந்த 3.0 பதிப்பு முதல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைக்கும் ஆடாசிட்டி இதற்கு விலக்கு.) ஏபிள்டனில் 'கலெக்ட் ஆல் அண்ட் சேவ்' என்ற கட்டளை, சிதறிக் கிடக்கும் கோப்புகளை பிராஜெக்ட் ஃபோல்டருக்குள் நகலெடுத்துவிடும், மற்றவற்றிலும் இதற்கு நிகரான வசதி உண்டு.

இதைவிட ஆபத்தானது, இடம் மிச்சப்படுத்துவதற்காகப் பயன்படாத கோப்புகளை அழிப்பது. ஒரே ஃபோல்டரில் பாட்டின் மூன்று பதிப்புகள் இருக்கும்போது, மூன்றாவதில் பயன்படாத டேக் (ஒருமுறை பாடிப் பதிந்தது) முதலாவதில் உயிர்நாடியாக இருக்கலாம். பல மென்பொருள்களுக்கோ திறந்திருக்கும் பதிப்பு மட்டுமே தெரியும். நானும் ஒருமுறை இப்படித்தான் ஒரு நல்ல பல்லவியை இழந்தேன். முழு ஃபோல்டருக்கும் இன்னொரு டிஸ்க்கில் நகல் இல்லாமல் அழிக்கும் கட்டளையைத் தொடக் கூடாது.

44.1 கிலோஹெர்ட்ஸில் (நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து) பதிந்த கோப்பை, மாற்றம் செய்யாமல் 48 கிலோஹெர்ட்ஸ் பிராஜெக்டில் சேர்த்தால், நான்கு நிமிடப் பாட்டு ஏறக்குறைய இருபது நொடி முன்னதாகவே முடிந்துவிடும். சுருதியும் ஒன்றரை செமிடோன் (அடுத்தடுத்த இரு சுரஸ்தானங்களின் இடைவெளி ஒரு செமிடோன்) அளவுக்கு ஏறிவிடும். மென்பொருள் மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்கும்போது படிக்காமல் மறுப்பவர்களுக்கே இது பெரும்பாலும் நேர்கிறது.

வெட்டிய இடத்தில் 'டக்' என்ற ஓசை கேட்டால், அலை பூஜ்யத்தில் இல்லாத இடத்தில் கத்தி விழுந்திருக்கிறது என்று பொருள். ஐந்து முதல் பத்து மில்லிநொடி ஃபேட் (ஒலியைப் படிப்படியாக ஏற்றுவது அல்லது இறக்குவது) போதும். பாடகரின் மூச்சொலிகளை எல்லாம் அடியோடு வெட்டுவது வேறு வகைத் தவறு, குரல் பொம்மையின் குரலாகிவிடும். எம்பி3 கோப்பின் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்ந்துகொள்வதால் லூப்கள் (திரும்பத் திரும்ப ஒலிக்கும் துண்டுகள்) தாளம் தவறும். எனவே கடைசி வரை வேவ் கோப்பே நல்லது.

டிராக்குகளை (ஒவ்வொரு குரல், வாத்தியத்தின் தனிப் பதிவுகளை) தனித்தனியாக ஏற்றுமதி செய்து அனுப்பும்போது, சரணத்தில் மட்டும் வரும் புல்லாங்குழலையும் பாட்டின் முதல் நொடியிலிருந்தே ஏற்றுமதி செய்ய வேண்டும். இல்லையெனில் பெறுபவர் அதை எங்கே பொருத்துவது என்று காதால் தேட வேண்டியிருக்கும்.