சிறிய மொழிக்குத் தொழில்நுட்பம்: எங்கே சறுக்குகிறோம்?

கடலூர், புதுச்சேரிப் பக்கம் வாழும் நரிக்குறவர் மக்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. குஜராத்திக்கு உறவான மொழி, தனி எழுத்து கிடையாது. அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் இல்லாததால், அவற்றை மட்டும் வைத்துச் செய்யப்படும் மொழிபெயர்ப்புக் கருவிகளிலும் அதற்கு இடமில்லை. இப்படிப்பட்ட மொழிக்கு ஏதாவது செய்ய நினைக்கும் இளைஞர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, செயலியை முடிவு செய்துவிட்டு ஊருக்குள் போவது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியின் வில்லியனூரை மையமாக வைத்துத் தகவல் மையங்களைத் தொடங்கியது. வீராம்பட்டினம் மீனவர்களுக்குத் தேவைப்பட்டது அலை எவ்வளவு உயரம் என்ற செய்தி. அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்ததை எடுத்துத் தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். 2004 சுனாமியன்று நல்லவாட்டில் மக்களை எச்சரித்து வெளியேற்றியதும் ஊர் ஒலிபெருக்கிதான். தேவை தெரிந்தால் கருவி எளிமையாகவே இருக்கலாம்.

அடுத்தது எழுத்து. "தமிழிலேயே எழுதிவிடலாம்" என்று நாமே தீர்மானித்துவிடுகிறோம். 'பாட்டு', 'பஸ்' இரண்டையும் ஒரே பகரத்தில் எழுதுகிறோம். சொல் தெரிந்ததால் சரியாக வாசிக்கிறோம். வாக்ரிபோலியில் அந்த இரண்டு ஒலிகளும் வேறு வேறு. அங்கே இப்படி எழுதினால் வேறுபாடு தரவிலேயே அழிந்துவிடும், அப்புறம் எந்தக் கணினியாலும் மீட்க முடியாது. பிள்ளைகள் பள்ளியில் படிப்பது தமிழெழுத்து என்பதால் அவர்கள் அதையே விரும்பக்கூடும். சரி, அப்படியானால் கூடுதல் குறி போடலாமா என்று அவர்களோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். எழுதியதோடு ஒலிப்பதிவையும் கட்டாயம் சேர்த்து வையுங்கள்.

தமிழ்நாட்டில் பேசப்படுகிறது என்பதற்காகத் தமிழுக்குப் பழக்கிய கணினி மாதிரியை (model) மட்டும் அடித்தளமாக எடுப்பதும் சரியல்ல. குஜராத்தி மாதிரியையும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். அதே சமயம் பேச்சில் கலந்து வரும் தமிழ்ச் சொற்களைக் 'கலப்படம்' என்று வெட்டாதீர்கள். மக்கள் பேசுவது அப்படித்தான்.

நான் அதிகம் கவலைப்படுவது சோதனை முறையைப் பற்றி. பேச்சை எழுத்தாக்கும் கருவிக்காக நான்கைந்து பேரின் குரலைப் பதிவு செய்து, வாக்கியங்களைக் கலைத்துப்போட்டு, ஒரு பகுதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் ஒதுக்குகிறார்கள். மதிப்பெண் பிரமாதமாக வரும். ஆனால் கருவி அந்த நான்கைந்து குரலுக்குத்தான் பழகியிருக்கும். புதிதாக ஒரு பாட்டி பேசினால் திணறும். வாக்கியங்களைப் பிரிக்காமல் ஆட்களைப் பிரித்து ஒதுக்குங்கள்: சோதனையில் வருபவர் குரல் பயிற்சியில் இருக்கவே கூடாது. எழுத்துக்கூட்டல் நிலைப்படாத மொழியில் சொல் அளவில் மட்டும் பிழையை எண்ணினால் சரியான விடையும் தவறாகிவிடும். எழுத்தளவிலும் எண்ணுங்கள், பேசுபவரையே கேட்டுத் திருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக, அனுமதி. மோசில்லாவின் குரல் சேகரிப்புத் திட்டமான காமன் வாய்ஸ் போன்றவற்றில் குரல்கள் யாரும் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தில் வெளியாகின்றன. யார் கணினிக்கோ போன பிறகு திரும்பப் பெற வழியில்லை. இதைக் கையெழுத்துக்கு முன்பே வாயால் விளக்க வேண்டும். குறிப்பாக, குடும்பத் தெய்வத்துக்குரிய பொருட்களைக் கட்டி வைத்திருக்கும் சாமி மூட்டையின் வழிபாட்டில் பாடுவதைப் பதிவு செய்யலாமா, செய்தால் யார் கேட்கலாம் என்பதெல்லாம் அந்தக் குடும்பத்தின் முடிவு. மறுத்தால் மைக்கை அணைத்துவிடுங்கள். ஒப்புக்கொண்டு தந்த பதிவுகளின் ஒரு நகலை மெமரி கார்டில் அவர்களிடமே கொடுங்கள். ஆய்வறிக்கை முடியும்வரை காத்திருக்க வேண்டாம்.